பொருட்பட்டியலும் வினைமுதலும்

ஒரு முழுப்பொருள் தன் உறுப்புகளின் கூட்டத்துக்கு இட்ட பெயர் மட்டுந்தானா, அல்லது அவ்வுறுப்புகளில் தங்கியிருந்தும் அவற்றின் வேறாகிய ஒரு மெய்ப்பொருளா என்னும் வினா, பௌத்தருக்கும் நையாயிக வைசேடிகருக்கும் இடையே பல நூற்றாண்டுகள் நீண்ட வழக்கின் மையமாக இருந்தது. தமிழுக்கு இவ்வழக்கு புதிதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் வைசேடிகரும் சாங்கியரும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கின்றனர், நீலகேசியில் சமணத் தலைவி பௌத்த ஆசிரியரோடு வாதிடுகிறாள், அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற மதங்களை நிறுத்தி மறுக்கிறார். இவ்வாறு மடங்களிலும் வாத அரங்குகளிலும் நிகழ்ந்த விசாரணைக்கு இன்று எதிர்பாராத ஓர் இடம் வாய்த்திருக்கிறது. உற்பத்தித் தொழிற்சாலைகளில் இயங்கும் மென்பொருள், ஒரு பொருள் எவற்றால் ஆனது, எவ்வாறு ஆகிறது, யாரால் ஆகிறது என்னும் மூன்றுக்கும் நாள்தோறும் விடை எழுதிக்கொண்டிருக்கிறது. முதலிரண்டுக்கு அது எழுதும் விடை மிக நுட்பமானதாகவும், மூன்றாவதற்கு எழுதும் விடை தத்துவ நோக்கில் பெரிதும் குறையுடையதாகவும் இருப்பதே இங்கே ஆராயத்தக்கது.

இம்மென்பொருளின் அடித்தளம் இரண்டு பதிவேடுகள். ஒன்று, ஒரு பொருளைச் செய்ய வேண்டிய உறுப்புகளையும் மூலப்பொருள்களையும் அவற்றின் அளவோடு அடுக்கிக் காட்டும் பொருட்பட்டியல். தொழிற்சாலைகளில் இதனை ‘பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ என்றோ சுருக்கமாக ‘பி.ஓ.எம்.’ என்றோ வழங்குவர். மற்றொன்று, அப்பொருள் எந்த வேலைகளை எந்த வரிசையில், எந்த எந்திரத்தில், எவ்வளவு நேரத்தில் கடந்து உருவாகிறது என்பதைச் சொல்லும் செயல்வழி; இதன் வழக்குப் பெயர் ‘ரூட்டிங்’. கோயம்புத்தூரில் நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வரும் மோனோபிளாக் பம்பை, அதாவது மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் அமைந்த நீரிறைக்கும் எந்திரத்தை, எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் பொருட்பட்டியலின் உச்சியில் பம்பு நிற்கும். அடுத்த நிலையில் கேசிங் என்னும் வெளியுறை, நீரைச் சுழற்றி எறியும் இம்பெல்லர், ரோட்டர் பொருந்திய ஷாஃப்ட், செப்புக்கம்பி சுற்றிய ஸ்டேட்டர், இரண்டு பேரிங்குகள், நீர் கசியாமல் தடுக்கும் சீல், போல்ட்டுகள் ஆகியன நிற்கும். அவற்றுள் இம்பெல்லரைப் பிரித்தால் அதன்கீழ் கடைசலுக்கு முந்தைய வார்ப்பும், வார்ப்பின்கீழ் இரும்பும் பழைய உலோகத் துண்டுகளும் நிற்கும். செயல்வழியோ இம்பெல்லருக்கு 10, 20, 30 என எண்ணிட்ட வேலைகளைக் காட்டும்: வார்ப்பின் பிசிறு நீக்குதல், லேத்தில் கடைதல், சாவிக்காடி வெட்டுதல், சமன்பார்த்தல். ஒவ்வொரு வேலைக்கும் எந்திரத்தை ஆயத்தம் செய்யும் நேரம் தனியாகவும், ஓர் உருப்படிக்கு ஆகும் நேரம் தனியாகவும் குறிக்கப்படும். ஆயத்தத்துக்கு 30 நிமிடமும் உருப்படிக்கு 6 நிமிடமும் என்றால் 50 இம்பெல்லர்களுக்கு 330 நிமிடம் என்று கணினி கணக்கிடும்.

இந்த அமைப்பு கணினிக்குள் புகுந்த வரலாறு, பெரிய முழுமைகளைக் கையாள வேண்டிய நெருக்கடியிலிருந்து பிறந்தது. சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்போலோ திட்டத்தில் சாட்டர்ன் 5 ஏவுகலத்தின் உறுப்புகளைப் பட்டியலிட்டுக் காக்க, ஐ.பி.எம். நிறுவனம் ராக்வெல், கேட்டர்பில்லர் நிறுவனங்களோடு சேர்ந்து 1966இல் தொடங்கிய முயற்சியே ஐ.எம்.எஸ். என்னும் தரவுத்தள மென்பொருளாயிற்று. அதன் அகக்கட்டமைப்பு பொருட்பட்டியலைப் போலவே மேலிருந்து கீழாகக் கிளைக்கும் மர வடிவினது. பட்டியலையும் நாட்களையும் இருப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு எப்போது எதை எவ்வளவு வாங்கவோ செய்யவோ வேண்டும் என்று சொல்லும் முறையை ஜோசப் ஆர்லிக்கி 1975இல் வெளியிட்ட நூல் முறைப்படுத்திக் கூறியது. பம்பு எத்தனை வேண்டும் என்பதை வாங்குவோர் முடிவு செய்கின்றனர், ஆனால் பேரிங் எத்தனை வேண்டும் என்பதை யாரும் முடிவு செய்வதில்லை, அது பம்பின் எண்ணிக்கையிலிருந்து கணக்காகப் பிறக்கிறது என்னும் வேறுபாடே அம்முறையின் உயிர்நாடி.

பொருட்பட்டியலும் செயல்வழியும் இரண்டு தனிப் பதிவேடுகளாகப் பிரிந்தமை கணக்கு வசதிக்காக நேர்ந்தது போலத் தோன்றினும், காரணங்களைப் பற்றிய பழைய பகுப்பு ஒன்றோடு அது வியப்பூட்டும் வகையில் ஒத்துப்போகிறது. பதினேழாம் நூற்றாண்டினரான அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம், திருவாவடுதுறை மடத்தைச் சார்ந்த சிவஞான முனிவரால் தமிழாக்கப்பட்டு, இங்கே தருக்கம் பயில்வோரின் தொடக்க நூலாக விளங்கியது. அந்நூல் காரணத்தை மூன்றாக வகுக்கும். துணி எதில் பிரிக்க முடியாதவாறு தங்கிப் பிறக்கிறதோ அந்த நூலிழைகள் சமவாயி காரணம். அவ்விழைகள் ஒன்றோடொன்று பொருந்தும் சேர்க்கை அசமவாயி காரணம். இவ்விரண்டும் அல்லாத தறி, நெய்வோன் முதலியன நிமித்த காரணம். இங்குக் கருதத்தக்கது நடுவில் நிற்கும் அசமவாயி காரணமாகும். இழைகளைக் காரணம் என்று யாரும் சொல்வர், நெய்வோனையும் சொல்வர். இழைகளின் சேர்க்கையைத் தனியொரு காரணமாக எண்ணி அதற்கொரு பெயரும் இட்டது நையாயிகரின் கூர்மை. உறுப்புகள் எல்லாம் இருந்தும் சேர்க்கை நிகழாதவரை முழுமை இல்லை என்பதால் அவர்கள் இதனை விட்டுவிட இயலவில்லை. பொருட்பட்டியல் சமவாயி காரணங்களின் பதிவேடு எனில், செயல்வழி அசமவாயி காரணத்தைப் பிறப்பிக்கும் வினைகளின் பதிவேடு ஆகிறது.

இப்பிரிவு எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பௌத்தரின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் உணரலாம். நாகசேனர் மிலிந்த மன்னனுக்குத் தேரைக் காட்டிச் சொன்ன விளக்கம் பலரும் அறிந்ததே: அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, நுகம் தேரன்று, இவற்றைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர். ஏழாம் நூற்றாண்டின் மாத்தியமிகப் பௌத்தரான சந்திரகீர்த்தி இவ்வாதத்தை மேலும் நெருக்கி, உறுப்புகளின் கூட்டமே தேர் என்று சொல்வதும் பொருந்தாது, ஏனெனில் அப்படியாயின் பிரித்துப் போட்ட குவியலும் தேராக வேண்டும் என்று மறுத்தார். பொருத்தும் பிரிவுக்கு உறுப்புகளை அனுப்பும் முறையைக் கண்டோர்க்கு இவ்வாதத்தின் வலிமை எளிதில் விளங்கும். ஒரு பம்புக்கு வேண்டிய அனைத்தையும் கிடங்கில் ஒரே தட்டில் எடுத்து வைப்பதை ‘கிட்டிங்’ என்பர். கேசிங், இம்பெல்லர், இரண்டு பேரிங், சீல், எண்ணி வைத்த போல்ட்டுகள் என்று அத்தட்டில் பொருட்பட்டியல் ஒரு வரி விடாமல் நிறைவேறியிருக்கும், ஆனால் அத்தட்டிலிருந்து ஒரு துளி நீரும் மேலே ஏறாது. பட்டியலின் முழுமை வேறு, பொருளின் முழுமை வேறு என்பதில் நையாயிகரும் மாத்தியமிகரும் உடன்படுகின்றனர். அவ்வேறுபாட்டுக்குக் காரணமாக ஒரு புதிய மெய்ப்பொருள் தோன்றியதா இல்லையா என்பதிலேயே பிணங்குகின்றனர்.

அப்பிணக்கிலும் மென்பொருள் ஒரு பக்கம் சாய்ந்தே தீர வேண்டியிருக்கிறது. ரோட்டரை ஷாஃப்ட்டில் அழுத்திப் பொருத்தி, இரு முனையிலும் பேரிங் ஏற்றிய நிலையில் ஓர் இடைப்பொருள் உண்டாகிறது; அது சில நிமிடங்களே அவ்வுருவில் இருந்து உடனே ஸ்டேட்டருக்குள் சென்றுவிடும், கிடங்குக்கு ஒருபோதும் வராது. வடிவமைப்போர் அதனைத் தனிப்பொருளாக வரைந்து எண் கொடுப்பர். திட்டமிடுவோரோ அதற்கெனத் தனி ஆணை பிறப்பிக்கத் தேவையின்றி, கணக்கு அதனூடே சென்று அதன் உறுப்புகளை நேரடியாகக் கேட்குமாறு செய்வர். இவ்வகை இடைப்பொருளுக்கு ‘பேன்டம் அசெம்ப்ளி’ என்று பெயர். வைசேடிகர் நோக்கில் இதற்கு ஐயமே இல்லை: சேர்க்கை நிகழ்ந்துவிட்டது, எனவே ஒரு புதிய முழுமை பிறந்துவிட்டது, அது ஒரு கணம் நின்றாலும் ஓராண்டு நின்றாலும் அதன் உண்மையில் ஏற்றத்தாழ்வு இல்லை. மென்பொருள் அவ்வாறு எண்ணுவதில்லை. எண்ணி வைக்கவும் எடுத்துக் கொடுக்கவும் விலை மதிக்கவும் பயன்படுவதே அதற்குப் பொருள். பயன்விளைக்கும் ஆற்றலே உண்மைக்கு இலக்கணம் என்று பௌத்தரான தருமகீர்த்தி வகுத்த அளவுகோலுக்கு இது நெருங்கி நிற்கிறது.

இன்னும் ஆழமான சிக்கல், ஒரே பம்புக்கு இரண்டு பொருட்பட்டியல்கள் இருப்பதில் வெளிப்படுகிறது. வடிவமைப்புப் பட்டியல் உறுப்புகளைத் தொழிற்பாட்டின்படி பகுக்கும்: நீரைத் தள்ளும் பகுதி, சுழற்றும் பகுதி, தாங்கும் பகுதி. உற்பத்திப் பட்டியல் அதே உறுப்புகளைப் பொருத்தும் வரிசையின்படி பகுக்கும்: முதலில் சேர்வன, பின்னர் சேர்வன, பெயின்ட் அடித்த பின் சேர்வன. அடிநிலையில் உள்ள உறுப்புகள் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. இடைநிலைகள் முற்றும் வேறு. அப்படியாயின் பம்பின் உண்மையான உட்பிரிவு எது? இரண்டும் உண்மை எனின், ஒரே பொருள் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு கட்டமைப்புகளை ஒருங்கே உடையதாகும். ஒன்றே உண்மை எனின், மற்றதைக் கொண்டு வேலை செய்வோர் பொய்யைக் கொண்டு மெய்யான பம்பைச் செய்து முடிக்கின்றனர் என்றாகும். இடைநிலைப் பகுப்புகள் நோக்கத்தைச் சார்ந்தவை, நோக்குவோரின் தேவையின்றி அவை இல்லை என்னும் பௌத்தரின் முடிபுக்கே இங்கு வலிமை மிகுதி. ஆனால் அதனைக் கொண்டு பம்பும் வெறும் பெயரே என்று மேற்செல்வது மிகையாகும்; பட்டியல்கள் எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டாலும் நீரை ஏற்றுவது அவற்றுள் எதுவும் அன்று, அந்த ஒரு பம்பே.

மேல்நிலையைப் போலவே கீழ்நிலையும் வினாவுக்குரியது. பிரித்துக்கொண்டே போவது எங்கே நிற்கும்? பகுப்பு முடிவின்றி ஓடுமாயின் மேருமலைக்கும் கடுகுக்கும் உறுப்புகள் எண்ணற்றனவாகி இரண்டும் ஒரே அளவினவாகிவிடும் என்று வாதித்து, மேலும் பிரிக்கவியலாத பரமாணுவில் வைசேடிகர் நிறுத்தினர். பொருட்பட்டியலும் ஓரிடத்தில் நிற்கிறது, ஆனால் அது நிற்குமிடம் இயற்கையில் இல்லை, கொள்முதல் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பம்பு செய்வோர் பேரிங்கை விலைக்கு வாங்குவதால் அவர்களுடைய பட்டியலில் அது உறுப்பில்லாத அணு. அதே பேரிங், அதனைச் செய்யும் தொழிற்சாலையில் உள்வளையம், வெளிவளையம், குண்டுகள், குண்டுகளை இடைவெளியோடு பிடிக்கும் கூடு என்று விரியும் ஒரு முழுமை. நாளை பம்பு செய்வோரே பேரிங்கும் செய்யத் தொடங்கினால் அணு பிளந்துவிடும். அறிவின் எல்லையைப் பொருளின் எல்லையாக எண்ணும் மயக்கத்துக்கு இதனினும் தெளிவான சான்று அரிது. வாங்கிய உறுப்பில் பழுது நேரும்போது அதன் காரணத்தைத் தேடும் கை பட்டியலின் விளிம்பில் முட்டி நிற்பதும் இதனாலேயே.

வார்ப்பகத்துக்குச் சென்றால் பட்டியல் வேறொரு வகையில் திணறும். அச்சுக்குள் உருக்கிய இரும்பை ஊற்றும்போது அது ஓடும் வழிகளிலும், சுருக்கத்தை ஈடுசெய்ய வைத்த மேற்குழிகளிலும் உலோகம் உறைந்துவிடும்; வார்ப்பு குளிர்ந்தபின் இவற்றை உடைத்தெடுத்து மீண்டும் உலையிலேயே இடுவர். இந்த மீள் உலோகத்தை நேர்மையாகப் பட்டியலிட்டால், வார்ப்பின் உறுப்பு மீள் உலோகம் என்றும், மீள் உலோகம் அவ்வார்ப்பிலிருந்தே கிடைப்பது என்றும் எழுத நேரும். மேலிருந்து கீழாக மட்டுமே இறங்கத் தெரிந்த கணக்கு இங்கே தன்னைத்தானே சுற்றத் தொடங்கும். ஆதலால் இத்தகைய சுழற்சியை மென்பொருள் இயல்பாக மறுத்து, வெளிப்படையாக இசைவு தந்தாலன்றி ஏற்காது. தருக்க நூலார் தன்னைப் பற்றுதல், ஒன்றையொன்று பற்றுதல், சக்கரம், வரம்பின்றி ஓடுதல் என்று எண்ணிய குற்றங்களுள் இச்சுழற்சி அடங்கும். ஆயினும் அந்நூலாரே வித்துக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள சுழற்சியைக் குற்றமாகக் கொள்ளவில்லை. இந்த வித்திலிருந்து வந்த மரம் வேறு, இந்த வித்தைத் தந்த மரம் வேறு; வித்து, மரம் என்னும் பொதுமைகளை வைத்துப் பேசும்போது மட்டுமே வட்டம் தோன்றுகிறது, தனித்தனி வித்தையும் மரத்தையும் பார்த்தால் முன்பின்னாகச் செல்லும் தொடரே உள்ளது. வார்ப்பகத்திலும் நேற்று ஊற்றிய உலோகம் இன்றைய உலைக்கு வருகிறது. ஒவ்வொரு முறை உருக்கியதற்கும் இடப்படும் ‘ஹீட் நம்பர்’ என்னும் எண்ணால் அவற்றைப் பிரித்தறிந்தால் சுழற்சி இல்லை. பொருட்பட்டியல் பேசுவது பொதுமையைப் பற்றி, அதாவது இவ்வகை இம்பெல்லர் எதுவாயினும் அதற்குரியதைப் பற்றி. ஹீட் எண் பேசுவது தனிமையைப் பற்றி, அதாவது இந்த இம்பெல்லரைப் பற்றி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் பிழை வார்ப்பகத்தோடு நிற்பதில்லை.

அடுத்து நிற்பது, நிகழ்ந்ததை மென்பொருள் எவ்வாறு அறிகிறது என்னும் அளவை பற்றிய கேள்வி. மணிமேகலை கூறும் பௌத்த அளவை காண்டல், கருதல் என்னும் இரண்டே; சைவ சித்தாந்தம் இவற்றோடு உரையையும் சேர்த்து மூன்றாகக் கொள்ளும். இம்மூன்றும் கிடங்கில் நாள்தோறும் தொழிற்படுகின்றன. தட்டுகளில் இருப்பதைக் கையால் எண்ணிப் பார்ப்பது காண்டல். பொருட்பட்டியல் நம்பத் தகுந்தோர் கூற்றாக ஏற்கப்படும் உரை. இவற்றிடையே ‘பேக்ஃபிளஷ்’ என்று பெயர்பெற்ற வழக்கம் தூய கருதலாகும். அம்முறையில், உறுப்புகள் கிடங்கிலிருந்து வெளிவரும்போது யாரும் பதிவு செய்வதில்லை. 40 பம்புகள் முடிந்தன என்று இறுதியில் அறிவித்தவுடன், ஒரு பம்புக்கு இரண்டு பேரிங் என்னும் உரையைக் கொண்டு 80 பேரிங்குகள் செலவாயின என்று மென்பொருள் தானே கழித்துக்கொள்ளும். காரியத்தைக் கண்டு காரணத்தை உய்த்துணரும் இம்முறை, புகையைக் கண்டு நெருப்பை உணர்வதன் நேர் இனமாகும்.

கருதல் செல்லுபடியாவதற்கு இரண்டு பொருள்களிடையே எங்கும் எப்போதும் பிறழாத உடனிகழ்ச்சி வேண்டும். புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்பது பிறழாது. நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு என்பது பிறழும், ஏனெனில் ஈர விறகு என்னும் மறைந்த நிபந்தனை அங்கே தொழிற்படுகிறது. இம்மறை நிபந்தனையை நையாயிகர் உபாதி என்பர். முடிந்த பம்பு ஒவ்வொன்றிலும் இரண்டு பேரிங் இருக்கும் என்பது பிறழாத உடனிகழ்ச்சி. முடிந்த பம்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரிங்கே செலவாயின என்பதோ ஓர் உபாதியைச் சார்ந்தது: பொருத்தும்போது எதுவும் கெடவில்லை என்னும் நிபந்தனையை. அழுத்திப் பொருத்துகையில் கோணிச் சென்று மூன்று பேரிங்குகள் கெட்டு, அவற்றுக்கு மாற்றாக மூன்று எடுக்கப்பட்டிருந்தால், கணினி காட்டும் இருப்புக்கும் தட்டில் உள்ள இருப்புக்கும் இடையே மூன்று பேரிங் அளவுக்கு ஒரு பொய் குடிகொள்ளும். அப்பொய்யை யாரும் சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு தொடுத்த ஓர் உய்த்துணர்வின் வழியே அது புகுந்தது. சீரான தொழிற்சாலைகள் கிடங்கின் ஒவ்வொரு பகுதியையும் முறைவைத்து எண்ணிச் சரிபார்ப்பது, காண்டலால் கருதலைத் திருத்தும் அறிவொழுக்கமேயாகும். ஐந்து கணக்கர்கள் ஒப்பமிட்ட பட்டியலுக்கும் வெறுந்தட்டுக்கும் இடையே முரண் எழுந்தால் தட்டுக்கே தலைவணங்க வேண்டும். இதில் தயங்கும் நிருவாகம் உரையை அளவையாகக் கொள்ளவில்லை, வழிபாட்டுப் பொருளாக்கிவிட்டது.

இருப்பைப் போலவே இன்மையும் இங்கே பதிவாகிறது. தோன்றப்போகும் பொருள் தோன்றுவதற்குமுன் இல்லாதிருக்கும் நிலையைத் தருக்க நூலார் முன்னபாவம் என்று பெயரிட்டு, இன்மை என்னும் பதார்த்தத்தின் ஒரு வகையாகவே எண்ணினர். நூறு பம்புகளுக்கு 200 பேரிங் வேண்டும், 60 கையிருப்பில் உண்டு, 40 வந்துகொண்டிருக்கின்றன, எனவே 100 இல்லை என்று மென்பொருள் காட்டும் இன்மை, எதன் இன்மை, எங்கே, எந்நாள் வரை என்று வரையறுக்கப்பட்ட இன்மையாகும். வெறும் சூனியத்தால் கொள்முதல் ஆணை எழாது. இவ்வாறு வரையறை பெற்ற இன்மையே செயலைத் தூண்டும்.

இதுவரை கூறியவற்றால் பொருட்பட்டியலின் மரபு எவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும். குறை எங்கே என்றால், மூன்றாம் காரணத்தில். சைவ சித்தாந்தம் குடத்தை எடுத்துக்காட்டி, மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று வகுத்து, அதன்வழியே மாயையும் சத்தியும் இறைவனும் உலகத்துக்கு இம்மூன்று காரணங்களாதலை நிறுவும். குயவனையும் சக்கரத்தையும் ஒரே தொகுதியில் வைக்காமல் பிரித்தது இங்கு மிக இன்றியமையாத அடியாகும். சக்கரம் அறிவற்றது, குயவன் அறிவுடையவன்; அறிவற்றவை தாமே கூடிப் பயனுடைய பொருளாவதில்லை என்பதே அவ்வாதத்தின் முதுகெலும்பு. நியாய மரபில் உதயணர் இதனை இன்னும் திட்டமாக்கினார். வினைமுதல் எனப்படுவோன் உடலை அசைப்பவன் மட்டும் அல்லன். செய்பொருளின் மூலப்பொருளை நேரே அறிந்த அறிவும், செய்ய வேண்டும் என்னும் விருப்பமும், முயற்சியும் உடையவனே வினைமுதல். செயல்வழிப் பதிவேட்டில் இத்தகைய வினைமுதலுக்கு இடமில்லை. லேத்தில் நிற்கும் தொழிலாளி அங்கே ‘லேபர் டைம்’ என்னும் பத்தியில் ஆறு நிமிடமாகவும், மணிக்கு இத்தனை ரூபாயாகவும் தோன்றுகிறார். எந்திரத்துக்கும் அதே வகைப் பத்தி, அதே அலகு. நிமித்த காரணம் துணைக்காரணத்துள் கரைக்கப்பட்டு, சக்கரமும் குயவனும் ஒரே நிரலில் அமர்ந்துவிடுகின்றனர்.

இதனைக் கணக்கு வசதி என்று விட்டுவிடலாகாது என்பதற்கு இம்பெல்லரின் கடைசல் வேலையையே நெருங்கிப் பார்க்கலாம். சாம்பல்நிற வார்ப்பிரும்பு மெல்லிய விளிம்புகளில் விரைந்து குளிரும்போது, கார்பன் மென்மையான கிராஃபைட்டாகப் பிரியாமல் இரும்போடு சேர்ந்து கடினமான கார்பைடாக உறைந்துவிடுவது உண்டு. அத்தகைய வார்ப்பு லேத்தில் ஏறும்போது வெட்டும் கருவியின் ஓசை மாறும், மேற்பரப்பு பளபளத்து நிற்கும், கருவியின் முனை விரைவில் மழுங்கும். கைதேர்ந்தவர் முதல் உருப்படியிலேயே ஓசையால் அதனை உணர்ந்து, வேகத்தைக் குறைத்து, கருவியைத் தீட்டி, ஆறு நிமிட வேலையை ஒன்பது நிமிடத்தில் செய்து பழுதற்ற இம்பெல்லரைக் கொடுப்பார். உதயணர் வினைமுதலுக்கு வேண்டும் என்ற மூலப்பொருளறிவு இங்கே கண்ணெதிரே தொழிற்படுகிறது. பொருட்பட்டியலுக்கும் செயல்வழிக்கும் தெரியாத ஒன்றை, அந்த வார்ப்பு பிற வார்ப்புகளைப் போன்றதன்று என்பதை, அறிந்தவர் அவர் ஒருவரே. மென்பொருள் அதனை எவ்வாறு பதிவு செய்கிறது? திட்டமிட்ட நேரம் ஆறு, எடுத்த நேரம் ஒன்பது, வேறுபாடு மூன்று, செயல்திறன் 67 விழுக்காடு. தொழிலில் மிகச்சிறந்த தருணம் தொழிலாளியின் குறையாக எழுதப்படுகிறது. இது நீதியற்றது என்பதோடு பொய்யும் ஆகும். குறை வார்ப்பில் இருந்தது, அதனைக் கண்டவரின் பெயருக்கு நேரே அது கணக்கிடப்பட்டது.

வேறுபாடு திங்கள்தோறும் தொடர்ந்தால் நேரத்தைத் திருத்துவர் என்று விடை கூறப்படலாம். ஆனால் திருத்தம் நிகழும் முறையே பிழையை நிலைப்படுத்துகிறது. ஆறும் ஒன்பதும் கலந்த சராசரியாக ஏழரை நிமிடத்தை நியமித்தால், ஒரு குறிப்பிட்ட ஹீட்டில் உண்டான குற்றம் இம்பெல்லர் என்னும் வகைக்கே உரிய இயல்பாக ஏறிவிடும். தனிமைக்கு உரியது பொதுமையின் இலக்கணமாக எழுதப்படும். பின்னர் நல்ல வார்ப்பு வரும்போது அதிகப்படியான ஒன்றரை நிமிடத்தை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், கெட்ட வார்ப்பு வரும்போது வார்ப்பகத்துக்குச் செய்தி போகாது. உருக்கிய இரும்பில் கிராஃபைட் பிரிய உதவும் சேர்மானம் அன்று குறைந்ததா, ஊற்றுவதற்குத் தாமதமாயிற்றா என்று தேட வேண்டியவர்களுக்கு அத்தேடலுக்கான நூல் அறுந்துபோகும்.

செயல்வழியில் ஒவ்வொரு வேலைக்கும் நேராகக் குறிப்பெழுத ஓர் இடமும், வேறுபாட்டுக்குக் காரணக்குறி தேர்ந்தெடுக்க ஒரு பட்டியலும் பல மென்பொருள்களில் முன்பே உள்ளன. ஆகவே தடை கருவியில் இல்லை. காரணக்குறிகளைப் பெரும்பாலும் அலுவலகத்தில் இருப்போரே வகுக்கின்றனர், எந்திரம் பழுது, மின்தடை, ஆள் வரவில்லை என்று அவர்களுக்குப் புலப்படும் காரணங்களே அதில் இடம்பெறுகின்றன, ஓசை மாறியது என்பதற்கு ஒரு குறியும் இராது. லேத்தில் நிற்பவர் தம் சொல்லிலேயே, தமிழிலேயே, வார்ப்பு கடினமாயிருந்தது என்று 20ஆம் எண்ணுள்ள வேலைக்கு நேரே ஹீட் எண்ணோடு எழுதவும், அக்குறிப்பு வேறுபாட்டுக் கணக்குக்கு முன்பாக வார்ப்பகத்தாரின் பார்வைக்குச் செல்லவும் வழிசெய்தால், காண்டலுடையவரின் கூற்றும் உரை என்னும் அளவைக்குள் அமரும். நம்பத் தகுந்தோர் கூற்றே உரை என்று வரையறுத்த நூலார், பொருளை உள்ளவாறு அறிந்து உள்ளவாறு சொல்பவரையே நம்பத் தகுந்தோர் என்றனர். அவர் எந்தப் பதவியில் அமர்ந்திருக்க வேண்டும் என்று அவ்வரையறையில் சேர்க்கவில்லை.